பரிசிலும் பரிசுச்சீட்டும்: பாரதப்புழைக் கரையின் கலைக்கூடங்களும் கொடையாளர் உறவும்

முன்னுரை

கலை பயிற்றும் நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் ஆசிரியர், மாணாக்கர், பாடத்திட்டம் என்னும் மூன்றன் வழியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நிறுவனங்களில் அடுப்பு எரிந்தது எவர் பொருளால், கட்டடம் எழுந்தது எவர் நிலத்தில், பொருள் தந்தோர் எவ்வகையில் மதிக்கப்பெற்றனர் என்னும் வினாக்கள் அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகின்றன. ஆயினும் ஒரு கலைக்கூடத்தில் எது கற்பிக்கப்படும், எவ்வளவு காலம் கற்பிக்கப்படும், எவர் கற்க இயலும் என்பனவற்றை முடிவு செய்வதில் பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே பொருள்திரட்டிய முறையின் வரலாறும் கலை வரலாற்றின் ஒரு கூறேயாகும்.

இவ்வாய்விற்குப் பாலக்காட்டு எல்லைப் பகுதி மிகப் பொருத்தமான களமாக அமைகிறது. ஆனைமலையில் தோன்றிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே ஓடிப் பொன்னானியில் கடலொடு கலக்கும் பாரதப்புழையின் கரைகளில், கலைக்குப் பொருள் வந்த வழிகள் பல அருகருகே காணப்படுகின்றன. ஷொரணூரை அடுத்த கூனத்தறையில் தோல்பாவைக்கூத்துப் புலவர் குடும்பம் வாழ்கிறது. வடக்கே வெள்ளிநேழியில் கதகளியைப் பேணிய ஒளப்பமண்ண மனை உள்ளது. ஷொரணூருக்கு எதிர்க்கரையில், திருச்சூர் மாவட்ட எல்லைக்குள், செறுதுருத்தியில் கேரள கலாமண்டலம் அமைந்துள்ளது. நேர்த்திக்கடன், நிலக்கிழார் கொடை, பொதுமக்கள் நன்கொடை, அரசு மானியம் ஆகிய நான்கும் இச்சிறு நிலப்பரப்பிற்குள் அடங்கிவிடுகின்றன. கலாமண்டலத்தின் பொருள்திரட்டு வரலாற்றை நடுவாகக் கொண்டு, ஈவோருக்கும் ஏற்போருக்கும் இடையிலான உறவு கலைக்கல்வியை எவ்வாறு உருவாக்கியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தமிழ் மரபில் ஈவோரும் ஏற்போரும்

கொடையாளர் உறவு என்னும் தொடர் புதிது, பொருள் பழையது. சங்க இலக்கியத்தில் அது தனித்துறைகளாகவே வகுக்கப்பட்டுள்ளது. பரிசில் பெற்றுவரும் கலைஞர் எதிர்ப்பட்ட வறிய கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. காலம் தாழ்த்தும் வள்ளலுக்குத் தம் வேண்டுகையை நினைவூட்டுவது பரிசில் கடாநிலை. பெற்றபின் வாழ்த்தி விடைபெறுவது பரிசில் விடை. பொருள் வேண்டுவோர் இன்றும் மேற்கொள்ளும் அறிமுகம், நினைவூட்டல், நன்றி கூறல் ஆகிய மூன்று படிநிலைகளும் இவற்றுள் அடங்கியிருத்தல் காணலாம்.

இம்மரபின் உட்கருத்தைப் பெருஞ்சித்திரனாரின் இரு பாடல்கள் தெளிவுபடுத்துகின்றன. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது புலவர் அதனை ஏற்க மறுக்கிறார் (புறநானூறு 208). பாடுவோனைக் காணாமல் வழங்கும் பொருளைக் கொண்டுசெல்லத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து தரும் பொருள் தினையளவே ஆயினும் இனியது என்றும் அவர் உரைக்கிறார். மற்றொரு பாடலில் (163) குமணன் தந்த செல்வத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் சுற்றத்தார்க்கும் கடன் தந்து உதவியோர்க்கும் பிறர்க்கும் பகிர்ந்தளிக்குமாறு மனைவியிடம் கூறுகிறார். கலையைக் கண்டும் அறிந்தும் கொடுத்தல் வேண்டும். கொடுத்தது பலருக்கும் பயன்படல் வேண்டும். இவ்விரண்டும் ஈகைக்குத் தமிழ் மரபு வகுத்த அறங்கள் எனலாம்.

சோழர் காலத்தில் இவ்வுறவு கணக்கு வடிவம் பெற்றது. முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த, தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தனர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பவற்றை நிரல்படக் கூறுகிறது. ஒருவருக்கு ஒரு பங்கு, ஒரு பங்கிற்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்பது நிவந்தம். அக்கோயிலின் பிற கல்வெட்டுகள் அரசன், அவன் தமக்கை, தேவியர், அலுவலர் ஆகியோர் அளித்தனவற்றைத் தனித்தனியே பதிவு செய்கின்றன. ஈந்தோர் பெயரும் ஏற்ற கலைஞர் பெயரும் ஒரே கோயிலின் கல்லில் இடம்பெற்றமை கருதத்தக்கது. பிற்கால நிறுவனங்களை அளந்து பார்ப்பதற்கு, காணுதல், பகிர்தல், பெயர் பதிதல் என்னும் இம்மூன்றும் அளவுகோலாக அமைகின்றன.

2. கூத்துமாடமும் வாழ்த்தும்

பாலக்காடு, திருச்சூர், மலப்புரம் பகுதிகளிலுள்ள பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நிகழ்கிறது. அதன் பாடல்கள் பெரும்பான்மையும் கம்பராமாயணச் செய்யுட்கள். மலையாளம் பேசும் ஊர்களில், விடியவிடியத் தமிழ்ச் செய்யுள் பாடப்பட்டு, அதற்கு இருமொழிக் கலப்பில் விரிவுரை சொல்லப்படுகிறது. பாவை ஆட்டுவோர் ‘புலவர்’ என்றே அழைக்கப்பெறுகின்றனர். கூத்துமாடம் என்னும் நிலையான மேடையில், வெண்திரைக்குப் பின்னால் 21 தேங்காய்மூடி விளக்குகளின் ஒளியில், கோயிலுக்கு ஏற்ப 7, 14, 21 என இரவுகள் கூத்து நீளும்.

இக்கூத்திற்குப் பொருள் வரும் முறை ஆய்வாளர் கவனத்திற்குரியது. பல இரவுகளில் பார்வையாளர் மிகச் சிலரே இருப்பர். எவருமே இல்லாத இரவுகளும் உண்டு. தேவியே காண்போள் என்பது நம்பிக்கை. எனினும் ஊர்மக்கள் பொருள் தருகின்றனர். நோய் நீங்கவும் மகப்பேறு வாய்க்கவும் நேர்ந்துகொண்டு சிறுதொகை செலுத்தியோரின் பெயர்களைத் திரைக்குப் பின்னிருந்து புலவர் கூறி வாழ்த்துவர். தொகை சிறிதாயினும் பெயர் தவறுவதில்லை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட ஆங்கில நூல், காண்பாரற்ற இக்கூத்தின் இயல்பையும் அதன் புரவலர் முறையையும் விரிவாக ஆராய்ந்துள்ளது.

இங்கே பெருஞ்சித்திரனார் வேண்டிய காணுதல் இல்லை. ஆனால் பெயர் உண்டு. கொடுத்தவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாலும் அவர் பெயர் கூத்தின் உள்ளே ஒலிக்கிறது. கலையும் கொடையும் ஒரே நிகழ்வின் இரு பகுதிகளாகின்றன. இவ்வமைப்பே கூத்தை நெடுங்காலம் நிலைபெறச் செய்தது எனலாம். அதன் எல்லையும் இதுவே. நேர்த்திக்கடனாக வரும் சிறுதொகை ஓர் இரவின் கூத்திற்குப் போதும். ஆண்டுக்கணக்கில் இளைஞரை இருத்திப் பயிற்றப் போதாது. கூனத்தறையைச் சார்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925-2000) கூத்தைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுசென்றார். அவர் மகன் கே. கே. இராமச்சந்திரப் புலவர் அம்முயற்சியைத் தொடர்ந்து 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கோயிலின் உள்ளே தேவிக்கும் நேர்ந்துகொண்டோர்க்கும் நிகழும் கூத்து, வெளியே பார்வையாளர்க்கு உரிய சுருங்கிய நிகழ்ச்சியாயிற்று. பொருள் தருவோர் மாறியபோது கலையின் கால அளவும் மாறியதை இங்கு முதன்முறையாகக் காண்கிறோம்.

3. மனையின் கொடை

கதகளிக்குப் பொருள் வந்த வழி வேறு. நம்பூதிரி மனைகளும் சிற்றரசர் இல்லங்களும் களியோகம் எனப்படும் ஆட்டக்குழுக்களைப் பேணின. ஆசானுக்கு உணவும் நெல்லும், மாணாக்கர்க்கு இருப்பிடமும், ஆடுவோர்க்கு அணிகலப் பெட்டியும் மனையின் பொறுப்பு. வெள்ளிநேழி ஒளப்பமண்ண மனை அத்தகையது. கல்லுவழி மரபின் பேராசான் பட்டிக்காம்தொடி இராவுண்ணி மேனன் அம்மனையின் களரியில் மாணாக்கரைப் பயிற்றினார். பின்னாளில் அவரே கலாமண்டலத்தின் ஆசானாகி அம்மரபை அங்கு நிலைநிறுத்தினார். கலாமண்டலக் கதகளியின் இன்றைய நடைக்கு வேர் வெள்ளிநேழியில் உள்ளது.

மனையின் கொடையில் காணுதல் முழுமையாக இருந்தது. கொடுப்பவரே நுட்பம் அறிந்த சுவைஞர். ஒரு முத்திரை பிசகினும் அறிவார். இரவு முழுதும் ஆடும் கலைக்கு அத்தகைய கண் தேவைப்பட்டது. ஆயினும் ஒரே குடும்பத்தின் செல்வத்தையும் விருப்பத்தையும் மட்டுமே பற்றி நிற்கும் கலைக்கூடம் அக்குடும்பம் தளர்ந்தால் தானும் தளரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே களியோகங்கள் பல குலையலாயின. 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம் குத்தகை முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. உழுதவர்க்கு நிலம் கிடைத்தது நீதியே. அதேவேளை மனைகளின் நெற்குதிர்களை நம்பியிருந்த கலைகள் அதற்கு முன்பே வேறு பற்றுக்கோடு தேடியிராவிடில் என்னவாகியிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அப்பற்றுக்கோட்டை 40 ஆண்டுகளுக்கு முன்பே தேடியவர் மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனன்.

4. வள்ளத்தோளும் பரிசுச்சீட்டும்

வள்ளத்தோள் 1878இல் திரூரை அடுத்த சென்னரையில் பிறந்தவர். இளமை கடக்கும் முன்னரே செவிப்புலன் இழந்தவர்; அத்துயரைப் ‘பதிரவிலாபம்’ என்னும் படைப்பாக்கியவர். வேல்ஸ் இளவரசர் 1922இல் இந்தியா வந்தபோது தமக்கு வழங்கப்பட்ட அரச மதிப்பை ஏற்க மறுத்தவர். பிறர் பேச்சைக் காதால் கேட்க இயலாத ஒருவர், ஆதிக்க அரசின் பரிசிலை மறுத்த ஒருவர், ஊர் ஊராகச் சென்று கலைக்காகப் பொருள் வேண்டினார். பொருள்திரட்டுவோர்க்கு நாவன்மையே முதல் தகுதி எனக் கருதுவார் இச்செய்தியை எண்ணுதல் தகும். கையசைவாலும் முகக்குறியாலும் கதை சொல்லும் கதகளி, செவிப்புலன் இழந்த கவிஞர்க்கு எத்துணை அணுக்கமானது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

வள்ளத்தோளுக்குத் துணைநின்றவர் மணக்குளம் முகுந்த ராஜா. இருவர் முயற்சியால் கேரள கலாமண்டலம் 1927இல் ஒரு சங்கமாகப் பதிவு செய்யப்பெற்றது. பயிற்சி நிறுவனமாக 1930 நவம்பரில் குன்னங்குளத்தில் தொடங்கப்பெற்றது. பதிவுக்கும் தொடக்கத்திற்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகள் பொருள்திரட்டிய காலமாகும். இருவரும் பொதுமக்களிடம் நன்கொடை வேண்டினர். அதனோடு பரிசுச்சீட்டுக் குலுக்கல் ஒன்றையும் நடத்தினர்.

கலைக்கூடம் ஒன்றிற்குப் பரிசுச்சீட்டால் முதல் திரட்டியமை அக்காலத்திற்குத் துணிவான செயல். அரசு தானே நடத்தும் பரிசுச்சீட்டைக் கேரளம் 1967இல்தான் தொடங்கியது. சீட்டு வாங்குவோர் மூவகையினர் எனப் பகுக்கலாம்: கலைமேல் பற்றுடையோர், கேட்பவர்மேல் மதிப்புடையோர், பரிசின்மேல் விருப்புடையோர். மூன்றாம் வகையினர்க்குக் கதகளியோடு எவ்வுறவும் இருக்க வேண்டுவதில்லை. பெருஞ்சித்திரனார் கூறிய காணாது ஈயும் பொருளின் புதுவடிவம் இது. வாங்குவோரும் ஒருவகையில் வாணிகரே. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். மனைக்குள் நுழைந்து கதகளி காண வாய்ப்பற்ற எளியோரும் ஒரு சீட்டு வாங்குவதன்மூலம் அக்கலையின் காப்பாளருள் ஒருவராயினர். ஒருவர் தரும் நூறு கலம் நெல்லுக்கு மாறாகப் பலர் தரும் சில்லறை நாணயம் கலைக்கூடத்தின் அடித்தளமாயிற்று. கலை ‘நம்முடையது’ என்னும் எண்ணம் இதனோடு சேர்ந்து பரவியது. வள்ளத்தோளின் கவிதை வளர்த்த கேரள நாட்டுணர்வு இதற்கு உரமாயிற்று.

எனினும் பழைய கொடையும் முற்றும் கைவிடப்படவில்லை. தொடக்க ஆண்டுகளில் நிறுவனத்திற்கு இடம் தந்தது முகுந்த ராஜாவின் குடும்பம். குன்னங்குளத்திலிருந்து அம்பலபுரத்திற்கு மாறியபோதும் இந்நிலை தொடர்ந்தது. பின்னர் செறுதுருத்தியில் நிலமும் கட்டடமும் அமையக் கொச்சி மன்னர் துணைசெய்தார். இளவரசரின் மதிப்பை மறுத்த அதே கவிஞர் மன்னரின் நிலத்தை ஏற்றார். ஒன்று தமக்கு வந்தது. மற்றொன்று கலைக்கு வந்தது. தமக்கெனக் கொள்ளாமை என்னும் இந்த வேறுபாடு புறநானூற்று 163ஆம் பாடலின் அறத்தோடு ஒத்துச் செல்கிறது.

5. கலையே தூது

சீட்டு விற்ற பணம் ஒருமுறை வருவது. ஆசானுக்கும் மாணாக்கருக்கும் சோறு நாள்தோறும் வேண்டும். ஆகவே வள்ளத்தோள் அடுத்த வழியை மேற்கொண்டார். கலைக்குழுவை உடனழைத்துக்கொண்டு இந்தியப் பெருநகரங்களுக்கும், பின்னர் பர்மா, மலாயா முதலிய நாடுகளுக்கும் சென்றார். கொடையாளரிடம் கலையைப் பற்றிப் பேசுவதைவிடக் கலையையே அவர்முன் நிறுத்துதல் நன்று என்னும் தெளிவு இதில் புலப்படுகிறது. ஆற்றுப்படையில் பாணரும் பொருநரும் விறலியரும் யாழொடும் முழவொடும் வழிநடந்தமை இங்கே நினைவுக்கு வரும். வேறுபாடு என்னவெனில், பாணர் தம் சுற்றத்தின் பசிக்காக நடந்தனர்; வள்ளத்தோள் ஒரு நிறுவனத்தின் நிலைபேற்றிற்காக நடந்தார்.

இதே காலத்தில் இரவீந்திரநாத் தாகூரும் இவ்வழியில் சென்றுகொண்டிருந்தார். விசுவபாரதிக்குப் பொருள்திரட்ட அவர் தென்னாட்டில் மேற்கொண்ட 1922ஆம் ஆண்டுப் பயணத்தின்போதே சிவகிரியில் நாராயண குருவைச் சந்தித்தார். 1936 மார்ச்சில், தம் 74ஆம் வயதில், நாட்டிய நாடகக் குழுவோடு வடநாட்டு நகரங்களில் சுற்றிவந்தபோது, முதுமையில் இவ்வாறு அலைவதைக் கண்டு வருந்திய காந்தியடிகள் ரூ. 60,000 திரட்டித் தில்லியில் வழங்கச் செய்தார். நோபல் பரிசு பெற்ற கவிஞரும் தம் கல்விக்கூடத்திற்காக மேடைதோறும் செல்ல வேண்டியிருந்தது என்னும் செய்தி, இச்சிக்கல் தனியொருவர் திறமைக் குறைவால் நேர்ந்ததன்று என்பதை உணர்த்தும். மனைகளும் அரண்மனைகளும் விலகிக்கொண்டிருந்தன. மக்களாட்சி அரசு இன்னும் பிறக்கவில்லை. அவ்விடைவெளியில் நிறுவனம் கண்டோர் தம் உடலுழைப்பால் பாலமிட்டனர்.

பயணத்தால் விளைந்த பயன் பணத்தோடு நிற்கவில்லை. இராகினி தேவி, சாந்தா ராவ் முதலிய ஆடற்கலைஞர் கலாமண்டலத்தை நாடி வந்தனர். இராகினி தேவியுடன் இணைந்து ஆடச் சென்ற கோபிநாத் பின்னர் குரு கோபிநாத் எனப் புகழ்பெற்றார். 1936இல் ருக்மிணி தேவி சென்னையில் தோற்றுவித்த கலாட்சேத்திரத்தில் கேரளத்துக் கதகளி ஆசான்களான அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் பயிற்றினர். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கலை தமிழகத்திற்குள் வந்த வரலாற்றில் இது ஒரு முதன்மையான பகுதி.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. இரவு முழுதும் ஆடப்படும் கதை, நகரத்து அரங்கில் சில மணிநேரத்திற்குள் அடங்க வேண்டியதாயிற்று. விரிவான ஆட்டப்பகுதிகள் சுருங்கின. கண்ணைக் கவரும் துண்டுக் காட்சிகள் தனியே எடுத்தாளப்பட்டன. கலையறியாப் பார்வையாளர் சலிப்புறாமை ஓர் அளவுகோலாயிற்று. ஆனால் களரியில் இச்சுருக்கம் நுழையவில்லை என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது. இராவுண்ணி மேனன் முதலிய ஆசான்கள் மாணாக்கரை விடியற்காலை மெய்ப்பயிற்சி முதல் முழுநீளக் கதைகள்வரை பழைய ஒழுங்கிலேயே பயிற்றினர். கொடையாளர் முன் வைக்கப்பட்டது சுருக்கம். மாணாக்கர்க்குத் தரப்பட்டது முழுமை. மேடைக்கும் களரிக்கும் இடையில் இடப்பட்ட இக்கோடு கலாமண்டலத்தின் பொருள்திரட்டு வரலாற்றில் காணப்படும் மிக முக்கியமான ஏற்பாடு என இக்கட்டுரை கருதுகிறது.

6. அரசு என்னும் புரவலர்

1941இல் கலாமண்டலம் கொச்சி அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கேரள மாநிலம் உருவானபின் 1957 முதல் மானியம் பெறும் நிறுவனமாயிற்று. 1955இல் நடந்த வெள்ளிவிழாவில் பிரதமர் நேரு பங்கேற்றார். வள்ளத்தோள் 1958 மார்ச்சில் மறைந்தார். 2006இல் கலாமண்டலம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒளப்பமண்ண மனையில் பிறந்த கவிஞர் ஒளப்பமண்ண (1923-2000) ஒரு காலத்தில் இந்நிறுவனத்தின் தலைவராக விளங்கினார். களரிக்கு நெல் அளந்த குடும்பத்தார் ஒருவர் பொது நிறுவனத்தின் பொறுப்பாளராக அமர்ந்தமை, கொடைமுறை மாறிய வரலாற்றின் அடையாளமாகக் கொள்ளத்தக்கது.

அரசு மானியம் அளித்த உறுதி பெரிது. ஆசிரியர்க்கு மாதச் சம்பளமும் மாணாக்கர்க்கு உதவித்தொகையும் கிடைத்தன. பிறந்த குடும்பத்தைச் சாராமல் கலைபயிலும் வாய்ப்பு விரிந்தது. ஆயினும் மானியம் தரும் அலுவலகம் ஆட்டத்தைக் காண்பதில்லை, கோப்பையே காண்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் நிதி நெருக்கடியின் காரணமாகக் கலாமண்டலத்தின் தற்காலிக ஆசிரியரையும் பணியாளரையும் நீக்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே அரசு தலையிட்டு உடனே அது திரும்பப் பெறப்பட்டது. ஆணை நீங்கியது, அதற்குக் காரணமான நிலை எண்ணத்தக்கதாகவே உள்ளது. சீட்டு வாங்கிய எளியோரும், அரங்கில் கண்டு கொடுத்தோரும், நிலம் தந்த குடும்பத்தாரும் என மூவகைக் கொடையாளரைக் கொண்டு தொடங்கிய நிறுவனம், காலப்போக்கில் பெரும்பாலும் ஒரே புரவலரை நம்பும் நிலைக்கு வந்தது. மனையை மட்டும் நம்பிய களியோகத்திற்கு நேர்ந்த இடர், அரசை மட்டும் நம்பும் நிறுவனத்திற்கும் வேறு வடிவில் நேரக்கூடும்.

7. ஓவியக் கல்லூரிகள் தரும் ஒப்புமை

நிகழ்கலையில் கண்ட இவ்வுறவைக் காண்கலைக் கல்லூரிகளோடு ஒப்பிடுதல் பயன்தரும். சென்னை ஓவியக் கல்லூரியின் தொடக்கம் தனியொருவர் கைப்பொருளே. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தம் செலவில் தொடங்கிய பள்ளியை 1852இல் அரசு ஏற்றுக்கொண்டது. கட்டடம், ஆசிரியர், கருவிகள் ஆகியவற்றிற்கு அரசு பொறுப்பேற்றமையால் அக்கல்லூரி பொருள்திரட்டும் தேவையின்றி நெடுங்காலம் இயங்கியது. ஆனால் பயின்று வெளியேறிய ஓவியர்க்கு வாழ்வு எங்கே என்னும் வினாவிற்கு அரசிடம் விடையில்லை.

அவ்வினாவை எதிர்கொண்டவர் கோயம்புத்தூரில் பிறந்து பொன்னானியில் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர். 1957 முதல் அக்கல்லூரியின் முதல்வராக விளங்கிய அவர், ஓவியர் கைவினைக் கழகம் ஒன்றை அமைத்தார். மெழுகுச் சாயமுறையில் உருவாக்கிய பாத்திக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களை ஓவியரே செய்து விற்றுத் திரட்டிய பொருளைக்கொண்டு, ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாயிற்று. நாளில் ஒரு பகுதி கைவினை, எஞ்சிய பகுதி ஓவியம் என்பது அவர்கள் கண்ட முறை. கைவினை பொருளீட்டியது, அதனால் ஓவியம் வாங்குவோர் விருப்பத்திற்கு வளைய வேண்டிய கட்டாயம் குறைந்தது. மேடையையும் களரியையும் பிரித்த கலாமண்டல ஏற்பாட்டின் மறுவடிவமே இது.

கேரளத்தின் கூத்துபறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன் (1924-2016) ஆசிரியராகப் பணியாற்றிய வடோதரா நுண்கலைப் புலத்தில், 1961இல் நுண்கலைச் சந்தை தொடங்கப்பெற்றது. ஆசிரியரும் மாணாக்கரும் செய்த பொம்மைகளும் பிற கலைப்பொருள்களும் அங்கு விற்கப்பட்டன. சுப்பிரமணியன் செய்த பொம்மைகள் இந்தியக் காண்கலை வரலாற்றிலேயே தனியிடம் பெற்றுள்ளன. சாந்திநிகேதனக் கலாபவனத்தில் 1973 முதல் நந்தலால் போஸ் பிறந்தநாளை ஒட்டி, டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில் நந்தன் மேளா நடைபெற்று வருகிறது. அதன் வருவாய் மாணவர் நல நிதிக்குச் செல்கிறது. இவ்விரு சந்தைகளிலும் வாங்குவோர் கல்லூரி வளாகத்திற்குள்ளேயே வருகின்றனர். செய்தவர் கையிலிருந்து பொருளைப் பெறுகின்றனர். கொடுத்த பணம் எந்த மாணவர்க்குப் பயன்படும் என்பதை அறிகின்றனர். புறநானூறு வேண்டிய காணுதலும் பகிர்தலும் ஒருசேர நிகழ்கின்றன. வருவாய் ஒரு கல்லூரியை நடத்தும் அளவினதன்று. ஆயினும் நோயுற்ற மாணவர்க்கும் வறிய மாணவர்க்கும் உடனே உதவும் பணம், கோப்பு நகரக் காத்திருக்க வேண்டாத பணம், கல்லூரியின் கையில் இருப்பது சிறு பயனன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஒன்று: பாரதப்புழைக் கரையில் கலைக்குப் பொருள் வந்த நால்வகை வழிகளுள் எதுவும் தனித்து நிறைவுடையதன்று. நேர்த்திக்கடன் பெயரைக் காத்தது, பயிற்சிக்குப் போதவில்லை. மனையின் கொடை நுட்பத்தைக் காத்தது, நிலைபேறு தரவில்லை. பொதுமக்கள் நன்கொடை நிறுவனத்தைத் தோற்றுவித்தது, நாள்தோறும் வரவில்லை. அரசு மானியம் சம்பளத்தை உறுதிசெய்தது. கலையைக் காணும் கண்ணைத் தரவில்லை.

இரண்டு: கொடையாளர் மாறுந்தோறும் கலையின் வடிவில் மாற்றம் நேர்ந்துள்ளது. அம்மாற்றம் பயிற்சிக்கூடத்தின் உள்ளே நுழையாமல் காத்த நிறுவனங்களே மரபையும் பொருளையும் ஒருங்கே பெற்றன. கலாமண்டலத்தின் களரியும் சோழமண்டலத்தின் ஓவியக்கூடமும் இதற்குச் சான்று.

மூன்று: கொடையாளர் உறவு என்பது பொருள் வேண்டும் கலையில் மட்டும் அடங்குவதன்று. கலையைக் காணச் செய்தல், பொருளைப் பகிர்ந்த முறையை அறியச் செய்தல், சிறுதொகை தந்தோர் பெயரையும் மறவாமை ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள். தஞ்சைக் கல்வெட்டும் கூத்துமாடத்து வாழ்த்தும் காட்டும் இவ்வறம் இன்றைய கலைக்கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

வள்ளத்தோளின் குலுக்கலில் சீட்டு வாங்கியோருள் பெரும்பாலோர்க்குப் பரிசு விழுந்திராது. அவர்களுள் பலர் கதகளியை ஒருமுறையேனும் விடியும்வரை கண்டிருப்பாரோ என்பதும் ஐயமே. ஆயினும் அவர்தம் காசில் உண்ட மாணாக்கர் ஆசான்களாகி, அவர்களிடம் பயின்றோர் இன்றும் ஆடுகின்றனர். பாலக்காட்டு ஊர்களிலும், அதுபோலவே தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இடுக்கி எல்லைப் பகுதிகளிலும், கோயில் விழாக் கணக்கேடுகளையும் வசூல் புத்தகங்களையும் முதியோர் நினைவுகளையும் தொகுத்தால் இத்தகைய பெயரறியாக் கொடையாளர் பலரின் வரலாறு வெளிப்படும். ஏடுகள் செல்லரிக்கும் முன்னர் அப்பணி மேற்கொள்ளப்பட வேண்டும்.